தப்பான வருஷத்தில் பட்டம் வாங்கியவர்கள்

1991 மார்ச்சில் ஜப்பானில் கல்லூரி முடித்தவர்களுக்கு வேலை கிடைக்குமா என்ற கவலையே பெரிதாக இல்லை. தனியார் நிறுவனங்களில் வேலை தேடிய பட்டதாரி ஒருவருக்குச் சராசரியாக 2.86 இடங்கள் காலியாக இருந்தன. தாங்கள் தேர்ந்தெடுத்த மாணவர் போட்டி நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, அந்த நாட்களில் அவரைச் சுற்றுலா அழைத்துப் போய் வைத்துக்கொண்ட கம்பெனிகள் உண்டு. ஒன்பது வருஷம் கழித்து, 2000 மார்ச்சில் முடித்தவர்களுக்கு அதே எண் 0.99. ஆளுக்கு ஒரு இடம்கூட இல்லை.

இரண்டு கூட்டத்தாரும் படித்தது ஒரே மாதிரியான கல்லூரிகளில், ஒரே மாதிரியான பாடங்கள். மாறியது அவர்கள் பட்டம் வாங்கிய வருஷம் மட்டும்தான். 1993-க்கும் 2000-களின் நடுப்பகுதிக்கும் இடையில் படிப்பை முடித்து வேலைச் சந்தைக்கு வந்தவர்களை ஜப்பானில் வேலைவாய்ப்புப் பனியுகத் தலைமுறை என்கிறார்கள். 1992-ல் ஒரு வேலைவாய்ப்புப் பத்திரிகை உருவாக்கிய பெயர் இது, அப்படியே நிலைத்துவிட்டது. பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்தவர்களையும் சேர்த்து, இந்தத் தலைமுறையில் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர் இருப்பதாக அந்நாட்டு அரசு கணக்கிடுகிறது. இன்று அவர்களுக்கு நாற்பதுகளும் ஐம்பதுகளும்.

மந்தம் எல்லா நாட்டிலும் வருகிறது, போகிறது. ஜப்பானிலும் வேலைச் சந்தை 2005 வாக்கில் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் இந்தத் தலைமுறையில் பெரும் பகுதியினர் அதற்குப் பிறகும் தேறவில்லை. பத்து வருஷ மந்தம் முப்பது வருஷக் காயமாக எப்படி ஆனது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காயத்தில் பெரும் பங்கு பொருளாதாரத்தால் வந்ததில்லை. கல்லூரியிலிருந்து வேலைக்குப் போகும் வழி அங்கே அமைக்கப்பட்டிருந்த விதத்தால் வந்தது.

வருஷத்துக்கு ஒரு நாள்

ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிகிறது. ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்கப் புதுப் பட்டதாரிகள் ஒரே நாளில் வேலையில் சேர்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் அன்று வரவேற்பு விழா நடக்கும், தலைவர் பேசுவார், கறுப்பு அல்லது கருநீல சூட் போட்ட நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாற்காலிக்கு வந்து சேரும் ஓட்டம் ஒரு வருஷத்துக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. இப்போதுள்ள விதிப்படி மூன்றாம் ஆண்டு முடிகிற மார்ச் 1 அன்று நிறுவனங்கள் அறிமுகக் கூட்டங்களை ஆரம்பிக்கலாம். ஜூன் 1 முதல் நேர்காணல். அக்டோபர் 1 அன்று முறையான வேலை உறுதி. அதை நைதெய் என்பார்கள். இந்தத் தேதிகளை நிறுவனங்கள் ஒழுங்காக மதிப்பதில்லை, நிறையப் பேர் முன்கூட்டியே முடித்துவிடுகிறார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனாலும் நாட்காட்டி அதுதான்.

இந்த முறையின் வேர் பழையது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பெரிய வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் கல்லூரி முடிக்கிறவர்களை மொத்தமாக எடுக்கத் தொடங்கிவிட்டன. போருக்குப் பின் வந்த வேகமான வளர்ச்சிக் காலத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. நிறுவனம் தேடுவது ஒரு குறிப்பிட்ட வேலை தெரிந்த ஆளை இல்லை. இன்னும் எதுவும் எழுதப்படாத, பழக்கக் கூடிய ஒரு இளைஞரை. இலக்கியம் படித்தவர் வங்கிக்குப் போவார், பொருளாதாரம் படித்தவர் இயந்திரம் விற்கப் போவார். வேலையை உள்ளே வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை துறை மாறும், ஊர் மாறும். சம்பளம் வயதோடு ஏறும். ஓய்வு வரை அதே கம்பெனி.

கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே நுழைந்தவர்களுக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. படிப்பு முடிந்த கையோடு வேலை, அனுபவம் கேட்காத முதலாளி, சொந்தச் செலவில் பயிற்சி கொடுக்கும் கம்பெனி: பல நாடுகளில் இளைஞர்களுக்கு இதெல்லாம் கனவு. ஜப்பானில் இளைஞர் வேலையின்மை நெடுங்காலம் குறைவாக இருந்ததற்கு இந்த ஏற்பாடே முக்கியக் காரணம். அதை நான் குறைத்துப் பேசப் போவதில்லை.

கோளாறு இன்னொரு பக்கம் இருக்கிறது. இந்தக் கதவு ஒருவருக்கு ஒருமுறைதான் திறக்கும். புதுப் பட்டதாரி என்ற தகுதி ஏப்ரல் 1 தாண்டியதும் காலாவதியாகிவிடும். அந்த வருஷம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் போய் நிற்கலாம் என்றால், அங்கே அடுத்த வருஷத்துப் புதுப் பட்டதாரிகள் நிற்பார்கள். கம்பெனி அவர்களைத்தான் பார்க்கும். நடுவழியில் ஆள் எடுக்கும் நிறுவனங்களோ வேறு கம்பெனியில் நிரந்தர ஊழியராக இருந்த அனுபவத்தைக் கேட்கும். பகுதி நேர வேலையை அனுபவமாக யாரும் எண்ணுவதில்லை. ஆக, முதல் வருஷம் தவறியவர் புதியவரும் இல்லை, அனுபவசாலியும் இல்லை.

இதனால்தான் வேலை கிடைக்காத மாணவர்கள் வேண்டுமென்றே ஒரு வருஷம் தங்கிப் படிப்பை நீட்டினார்கள். பட்டம் வாங்காமல் இருந்தால் அடுத்த வருஷமும் ‘புதுசு’ என்று நிற்கலாம். பின்னாளில் சில பல்கலைக்கழகங்கள் இப்படித் தங்குகிறவர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தன. பட்டம் கையில் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது நல்லது என்று ஒரு மாணவரை நினைக்க வைக்கிற ஏற்பாட்டை வேறு என்னவென்று சொல்வது?

கதவு ஏன் சாத்தப்பட்டது

டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளைத் தொட்டது. அதன் பிறகு இறங்கியதுதான். அந்த உயரத்தை மீண்டும் தாண்ட 2024 வரை ஆனது. பங்கை அடுத்து நில விலையும் விழுந்தது. வங்கிகளின் கையில் வராக் கடன் குவிந்தது. கம்பெனிகளுக்கு ஆள் அதிகம், வேலை குறைவு என்ற நிலை.

இந்த நிலையில் அமெரிக்க நிறுவனம் என்றால் இருப்பவர்களை அனுப்பியிருக்கும். ஜப்பானில் அது முடியாது. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நீதிமன்றங்கள் ஆள்குறைப்புக்குக் கடுமையான சோதனைகளை வைத்திருந்தன. ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டிய அவசியம் இருந்ததா, அதைத் தவிர்க்க நிறுவனம் எல்லா முயற்சியும் செய்ததா, ஆட்களைத் தேர்ந்த விதம் நியாயமா, தொழிலாளர்களோடு பேசினார்களா என்ற நான்கையும் நீதிபதி பார்ப்பார். எல்லா முயற்சியும் என்பதில் என்னென்ன அடங்கும்? கூடுதல் நேர வேலையைக் குறைப்பது, ஆட்களை வேறு பிரிவுக்கு மாற்றுவது, அப்புறம் புது ஆள் எடுப்பதை நிறுத்துவது.

இந்தக் கடைசி வரியில்தான் ஒரு தலைமுறையின் கதை இருக்கிறது. உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் முதலில் வெளியே நிற்பவரை நிறுத்து என்று சட்டமே வழிகாட்டியது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. 45 வயதில், பிள்ளைகளோடும் வீட்டுக் கடனோடும் இருக்கும் ஊழியரைத் தெருவில் விடக் கூடாது என்று நினைத்த நீதிபதி நல்லவர்தான். தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களுக்காகப் பேசியது. அதன் வேலையே அதுதான். ஆனால் 22 வயதுக்காரருக்காகப் பேச அந்த மேஜையில் ஒருவரும் இல்லை. அவர் இன்னும் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை, எந்தக் கம்பெனியிலும் ஊழியர் இல்லை.

அதோடு மக்கள்தொகையும் சேர்ந்துகொண்டது. ஜப்பானின் இரண்டாவது குழந்தைப் பெருக்க அலை 1971 முதல் 1974 வரை. வருஷத்துக்கு 20 லட்சம் குழந்தைகள். 1973-ல் மட்டும் சுமார் 20 லட்சத்து 90 ஆயிரம். இவர்கள் கல்லூரி முடித்து வெளியே வந்தது 1994-லிருந்து 1997 வரை. வேலைக்கு நிற்பவர்கள் என்றைக்கும் இல்லாத அளவு கூடிய அதே வருஷங்களில் வேலை சுருங்கியது.

பெண்களுக்கு இன்னும் மோசம். சம வேலைவாய்ப்புச் சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. ஆனால் வேலைக்கு எடுப்பதில் பெண்களை ஒதுக்கக் கூடாது என்பதை அது முயற்சி செய்ய வேண்டிய ஒன்றாக மட்டும் வைத்திருந்தது. கட்டாயத் தடையாக ஆனது 1999-ல்தான். நடுவில் இருந்த வருஷங்களில் கம்பெனிகள் முதலில் வெட்டியது பெண் பட்டதாரிகளின் இடங்களை. பெண்கள் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த அலுவலகப் பணிகளும் மெல்ல நிரந்தர வேலைப் பட்டியலிலிருந்து மறைந்து, ஏஜென்சி வழியாக வரும் தற்காலிக ஆட்களுக்குப் போயின.

1997 நவம்பர்

ஆரம்பத்தில் எல்லாரும் இதை ஒரு சாதாரண மந்தம் என்றே நினைத்தார்கள். 1996-ல் கொஞ்சம் மூச்சு வந்தது போலவும் இருந்தது. 1997 ஏப்ரலில் நுகர்வு வரி 3 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நிதி நெருக்கடி ஆசியா முழுக்கப் பரவியது. நவம்பரில் சான்யோ செக்யூரிட்டீஸ் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் விழுந்தது. 17-ம் தேதி ஹொக்கைடோ தகுஷோகு வங்கி. 24-ம் தேதி யமாய்ச்சி செக்யூரிட்டீஸ்.

யமாய்ச்சி நாட்டின் நான்கு பெரிய பங்கு நிறுவனங்களில் ஒன்று. 1897-ல் தொடங்கி நூறாவது வருஷத்தில் இருந்தது. அங்கே இடம் கிடைத்தால் வாழ்க்கை முழுக்கக் கவலையில்லை என்று பெற்றோர் நினைத்த கம்பெனி. அதன் தலைவர் நொஸாவா ஷோஹெய் செய்தியாளர் கூட்டத்தில் அழுதுகொண்டே, தப்பு எங்களுடையது, ஊழியர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சொன்னார். அந்தக் காட்சி ஜப்பானியத் தொலைக்காட்சியில் இன்றும் அவ்வப்போது காட்டப்படுகிறது. பெரிய கம்பெனி விழாது என்ற நம்பிக்கை அன்றோடு போனது. அடுத்து வந்த வருஷங்களில் எல்லா நிறுவனங்களும் ஆள் எடுப்பதை இன்னும் இறுக்கின.

எண்களில் இது எப்படித் தெரிகிறது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. 2000 மார்ச்சில் முடித்தவர்களில் 91.1 விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்ததாக ஒரு அரசுக் கணக்கு சொல்கிறது. இதில் என்ன நெருக்கடி என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு வேலை வேண்டும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. நடுவில் மனம் விட்டு நிறுத்திக்கொண்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். பட்டம் வாங்கிய அனைவரையும் எண்ணும் கல்வி அமைச்சகத்தின் கணக்கில் அதே வருஷம் 55.8 விழுக்காடு. 2003-ல் அது 55.1 ஆனது. 1991-ல் 81.3 இருந்தது. 2003-ல் பட்டம் வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வேலைக்கும் போகவில்லை, மேற்படிப்புக்கும் போகவில்லை. நம் ஊரில் கல்லூரிகள் விளம்பரத்தில் போடும் வேலைவாய்ப்பு விழுக்காட்டைப் படிக்கும்போதும் இந்த இரண்டு கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ‘தகுதியுள்ள மாணவர்களில்’ என்ற சிறிய எழுத்து அங்கேயும் இருக்கும்.

அப்புறம் என்ன ஆனார்கள்

சாப்பிட வேண்டுமே. கிடைத்த வேலைக்குப் போனார்கள். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் இரவு ஷிஃப்ட், உணவகம், கிடங்கு, அழைப்பு மையம். இப்படிப் பகுதி நேர வேலைகளில் காலம் தள்ளும் இளைஞர்களை ஃப்ரீட்டர் என்றார்கள். எண்பதுகளின் கடைசியில் அந்தப் பெயர் வந்தபோது, கம்பெனிக்கு அடிமையாகாமல் சுதந்திரமாக வாழ்கிறவர் என்ற கவர்ச்சி அதில் இருந்தது. 2003-ல் ஃப்ரீட்டர்களின் எண்ணிக்கை 21 லட்சத்து 70 ஆயிரம். அதில் எத்தனை பேர் சுதந்திரத்துக்காக அதைத் தேர்ந்திருப்பார்கள்!

இன்னொரு வழி ஹாக்கென். ஏஜென்சி ஆளை வைத்திருக்கும். கம்பெனிக்குத் தேவைப்படும்போது அனுப்பும். 1986-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதைச் சில சிறப்புப் பணிகளுக்கு மட்டும் அனுமதித்தது. 1999-ல் கிட்டத்தட்ட எல்லாப் பணிகளுக்கும் திறந்துவிட்டார்கள். 2004-ல் தொழிற்சாலை உற்பத்திக்கும். நிரந்தர வேலைக் கதவு மூடியிருந்த அதே வருஷங்களில் தற்காலிக வேலைக் கதவை அரசு அகலமாக்கியது. 1990-ல் ஊழியர்களில் ஐந்தில் ஒருவர் நிரந்தரமற்றவர். 2005-ல் மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தபோது இந்த ஆட்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். வேலை போனால் கம்பெனி கொடுத்த தங்குமிடமும் போகும். அந்த வருஷக் கடைசி நாளில் டோக்கியோ ஹிபியா பூங்காவில் தன்னார்வ அமைப்புகள் கூடாரம் போட்டன. 2009 புத்தாண்டில் சுமார் 500 பேர் அங்கே வந்து சாப்பிட்டுப் படுத்தார்கள். தொழிலாளர் அமைச்சகக் கட்டடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது நாட்டின் பேச்சு என்னவாக இருந்தது? ஜிகோ செகினின், அதாவது அவரவர் பொறுப்பு அவரவருக்கு என்பதுதான். இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை, பெரிய கம்பெனிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள், பெற்றோர் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று பேசினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் பகுதி இதுதான். வேலை கிடைக்காதது ஒரு அடி. நீ சரியில்லை அதனால்தான் கிடைக்கவில்லை என்று ஊரே சொல்வது இரண்டாவது அடி. இருபத்திரண்டு வயதில் அதை நம்பாமல் இருப்பது கஷ்டம். நூறு கம்பெனிக்கு எழுதிப்போட்டு நூறும் திரும்பி வந்தால், கோளாறு தன்னிடம்தான் என்றுதான் எந்தப் பிள்ளையும் நினைக்கும். 1991-ல் அதே பிள்ளையைக் கம்பெனிகள் தேடி வந்திருக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆய்வுகள் இதில் சந்தேகம் வைக்கவில்லை. கெண்டா யூஜி, கோண்டோ அயாகோ, ஓட்டா சோவிச்சி ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், மந்த காலத்தில் வேலைச் சந்தைக்குள் நுழைந்தவர்களின் வருமானத்தை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பல வருஷங்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். படிப்புக் குறைந்த ஜப்பானிய ஆண்களிடம் பாதிப்பு பத்து வருஷத்தைத் தாண்டியும் நீடித்தது. அதே படிப்புள்ள அமெரிக்கர்களிடம் அந்த அளவு இல்லை. நிரந்தர வேலையில் தொடங்க முடியாமல் போனதே முக்கியக் காரணம். பேச்சு முழுக்கக் கல்லூரிப் பட்டதாரிகளைச் சுற்றியே இருந்தாலும், அடி பலமாக விழுந்தது பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்தவர்கள் மேல் என்பதையும் இது காட்டுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஜப்பானில் பிறப்பு குறைந்தது, பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்கியது எல்லாவற்றையும் பனியுகத்தின் கணக்கில் எழுதும் பழக்கம் உண்டு. குழந்தைப் பெருக்க அலையில் பிறந்தவர்களிடமிருந்து மூன்றாவது அலை வரவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2005-ல் 1.26 வரை இறங்கி, 2015-ல் 1.45-க்கு ஏறியதும் இதே தலைமுறையின் காலத்தில்தான். 40 முதல் 64 வயதுக்குள் வீட்டோடு முடங்கியவர்கள் 6 லட்சத்து 13 ஆயிரம் பேர் என்று 2019-ல் அமைச்சரவை அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டிலும், ஓய்வு, நோய், உறவுச் சிக்கல் என்று காரணங்கள் பல. காயம் பெரியது என்பதற்காக எல்லா வலிக்கும் அதையே காரணமாகச் சொன்னால், உண்மையில் சரிசெய்யக்கூடியது எது என்பது மறைந்துபோகும்.

உள்ளே போனவர்களும் முழுதாகத் தப்பவில்லை. பல வருஷம் தங்களுக்குக் கீழே புது ஆள் வராததால் கடைநிலை வேலைகளையும் அவர்களே சுமந்தார்கள். வெளியே ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்ற சொல் முதலாளிக்குச் சவுக்காக இருந்தது. இன்று அதே கம்பெனிகள் நடுவயது நிர்வாகிகள் போதவில்லை என்று குறைப்படுகின்றன. விதைக்காத வருஷத்தின் அறுவடை அது.

காலம் கடந்து வந்த கைகள்

2010 நவம்பரில் தொழிலாளர் அமைச்சகம் ஒரு வழிகாட்டுதலைத் திருத்தியது: பட்டம் வாங்கி மூன்று வருஷம் வரை ஆனவர்களையும் புதுப் பட்டதாரிகளாக நிறுவனங்கள் ஏற்க வேண்டும். நல்ல திருத்தம். கதவு ஒருமுறைக்குப் பதில் சில முறை திறக்கும். ஆனால் 1999-ல் பட்டம் வாங்கியவருக்கு அப்போது 33 வயது. அவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

வயது வரம்பு விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆள் எடுக்கும்போது வயது வரம்பு வைக்கக் கூடாது என்று 2007-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் நீண்ட காலப் பயிற்சிக்காக இளைஞர்களை எடுப்பதற்கு விலக்கு கொடுத்தார்கள். ஏப்ரல் 1 வழக்கம் அப்படியே பிழைத்துக்கொண்டது. அப்புறம் 2020-ல் இன்னொரு விலக்கு சேர்த்தார்கள்: பனியுகத் தலைமுறையை மட்டும் எடுக்க விரும்பும் நிறுவனம் அந்த வயதைக் குறிப்பிடலாம். அவர்களை வெளியே தள்ளிய முறையைத் தொடாமல், அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு சன்னலை வெட்டினார்கள்.

அந்தச் சன்னலில் எவ்வளவு பேர் நின்றார்கள் என்பதற்கு ஹ்யோகோ மாகாணத்தின் தகராஸுகா நகராட்சி சாட்சி. 2019-ல் அந்த நகராட்சி 36 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் மூன்று நிரந்தர எழுத்தர் இடங்களை அறிவித்தது. நாடு முழுக்க இருந்து 1,816 பேர் விண்ணப்பித்தார்கள். 1,635 பேர் தேர்வு எழுதினார்கள். கடைசியில் மூன்றுக்குப் பதில் நான்கு பேரை எடுத்தார்கள். பத்து இருபது வருஷமாக வேலை தேடிக் களைத்த ஒரு தலைமுறைக்கு முயற்சி போதாது என்று சொன்னவர்கள், இந்த 1,816 என்ற எண்ணை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

அதே வருஷம் மத்திய அரசும் ஒரு திட்டத்தை அறிவித்தது. மூன்று வருஷத்தில் இந்தத் தலைமுறையில் நிரந்தர ஊழியர்களை 3 லட்சம் கூட்டுவது இலக்கு. கோவிட் குறுக்கே வந்தது. இலக்கின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. திட்டத்தை இரண்டு வருஷம் நீட்டினார்கள்.

இளையவர்களின் நிலைமை இப்போது தலைகீழ். பிறப்பு குறைந்து ஆள் பற்றாக்குறை வந்துவிட்டது. 2024 மார்ச்சில் முடித்து வேலை தேடியவர்களில் 98.1 விழுக்காட்டினருக்கு வேலை கிடைத்தது. அந்தக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத உச்சம் அது. சில பெரிய நிறுவனங்கள் தொடக்கச் சம்பளத்தை மாதம் 3 லட்சம் யென்னுக்கு உயர்த்தியிருக்கின்றன. சந்தோஷமான செய்திதான். ஆனால் இந்தப் பிள்ளைகளும் அதே ஏப்ரல் 1 வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். கதவின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. திறந்திருக்கும் வருஷத்தில் வந்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலிருந்து பார்த்தால்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி மாணவருக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. ஐடி நிறுவனங்கள் இறுதியாண்டில் கல்லூரிக்கு வந்து மொத்தமாக ஆள் எடுப்பதும், வெளியே வரும் விளம்பரங்களில் ‘இந்த வருஷ பேட்ச் மட்டும்’ என்று போடுவதும் ஜப்பானிய முறைக்கு மிக நெருக்கம். எந்த வருஷம் பாஸ் அவுட், ஏன் இடைவெளி என்ற கேள்விகளுக்கு இங்கேயும் பதில் சொல்லித் தீராது. 2001-லும் 2008-லும் ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் சேரும் தேதி வராமல் காத்திருந்தவர்கள் சென்னையிலும் கோவையிலும் நிறைய. 2022 பேட்ச்சில் சிலருக்கு அந்தக் காத்திருப்பு இரண்டு வருஷம்கூட ஆனது.

ஒரு விஷயத்தில் ஜப்பான் நம்மைவிட முன்னே நிற்கிறது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு அச்சு நிறுவனம் மாணவர் ஒருவருக்குக் கொடுத்த வேலை உறுதியைக் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்ற வழக்கில், நைதெய் கொடுத்த அன்றே வேலை ஒப்பந்தம் உண்டாகிவிட்டது என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 1979-ல் தீர்ப்பளித்தது. ரத்து செய்யும் உரிமை நிறுவனத்துக்கு இருந்தாலும், நியாயமான காரணம் இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. 2009-ல் நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, வேலை உறுதிகளை ரத்து செய்த நிறுவனங்களின் பெயரை வெளியிடும் விதியையும் அரசு கொண்டுவந்தது. இங்கே ஆஃபர் லெட்டரை நம்பி வேறு வேலையை விட்டுவிடும் பிள்ளைக்கு அப்படி ஒரு தெளிவான பிடிமானம் கிடையாது. நம் தொழிலாளர் சட்டத்தில் எனக்கு முதலில் வேண்டியது இதுதான்.

இரண்டாவது, கல்லூரிகளும் நிறுவனங்களும் கை வைக்கக்கூடிய ஒன்று. பட்டம் வாங்கிய வருஷத்தைத் தகுதியாகக் கேட்பதை விட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் முடித்தவரும் அதே தேர்வை எழுதட்டும். தேறினால் எடுக்கட்டும். மந்த வருஷத்தில் வெளியே வந்த பிள்ளைக்கு மந்தம் முடிந்த பிறகாவது ஒரு வாய்ப்பு வேண்டும்.

ஜப்பானில் இப்போது பேச்சு வேலையைத் தாண்டி ஓய்வூதியத்துக்குப் போய்விட்டது. நிரந்தர ஊழியருக்கு அடிப்படை ஓய்வூதியத்தின் மேல் சம்பளத்தைப் பொறுத்த இன்னொரு ஓய்வூதியமும் உண்டு. பகுதி நேர வேலையிலேயே வாழ்க்கையைக் கழித்த பலருக்கு அந்த இரண்டாவது அடுக்கு இல்லை, அல்லது மிகக் குறைவு. 40 வருஷம் ஒரு மாதம் விடாமல் சந்தா கட்டியவருக்கே 2024-ல் அடிப்படைத் தொகை மாதம் 68,000 யென். இடையில் கட்ட முடியாமல் விட்ட மாதங்களுக்கு அதிலும் குறையும். 1993-ல் கல்லூரி முடித்தவர்கள் 2035 வாக்கில் 65 வயதைத் தொடுவார்கள். 2025 ஏப்ரலில் இந்தத் தலைமுறைக்காக அமைச்சர்கள் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஜூனில் நிறைவேறிய ஓய்வூதியச் சட்டத்தில், 2029-ல் நடக்கும் நிதி ஆய்வில் அடிப்படை ஓய்வூதியம் மிகவும் சரியும் என்று தெரிந்தால் அதை உயர்த்த நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.